ஒரு பானைச் சோறும் உலகத்தார் மனமும்



“ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்” என்று நம் பாட்டிமார் கூறுவர். ஒரே அரிசி, ஒரே நீர், ஒரே நெருப்பு. ஆகவே ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தால் பானை முழுவதும் தெரிந்துவிடும். ஆனால், அந்தப் பருக்கையைக் கொண்டு அடுத்த வீட்டு உலையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லலாமா? மனத்தை ஆராயும் உளவியலாருக்கும் இதே கேள்விதான். சிலரிடம் சோதித்துக் கண்டதை எல்லாருக்கும் உரியதாகக் கூறுவதைப் ‘பொதுமைப்படுத்தல்’ என்பர்.

இதனை நாங்கள் வகுப்பிலேயே கண்டோம். 1889இல் ஜெர்மானிய அறிஞர் முல்லர்-லையர் வெளியிட்ட படம் ஒன்று உண்டு. சம நீளமுள்ள இரு கோடுகள். ஒன்றின் முனைகளில் அம்பு நுனி போல் உட்புறம் மடங்கிய சிறு கோடுகள். மற்றதில் அவை வெளிப்புறம் விரிந்திருக்கும். அளவுகோல் வைத்து வரைந்த நாங்களே இரண்டாவதுதான் நீளம் என்றோம்! 38 பேரும் அவ்வாறே கூறவே, “மனிதர் அனைவரும் ஏமாறுவர்” என்று கரும்பலகையில் எழுதினோம். சிஸ்டர் புன்னகையுடன் ‘மனிதர் அனைவரும்’ என்பதை அழித்து, ‘பத்தாம் வகுப்பு மாணவியர் 38 பேர்’ என்று எழுதினார். எங்களுக்குச் சற்று வருத்தமே! பின்னர் அவர் கூறிய நீலகிரிச் செய்தி எங்கள் வருத்தத்தைப் போக்கியது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து டாக்டர் ரிவர்ஸ் 1901-1902இல் நீலகிரிக்கு வந்து, தோடர் மக்களிடம் இதே சோதனையைச் செய்தார். 1905இல் முடிவுகளை வெளியிட்டார். தோடர்களும் ஏமாந்தனர், ஆனால் ஆங்கிலேயரைவிடக் குறைவாக! செங்குத்துக் கோட்டையும் கிடைக்கோட்டையும் ஒப்பிடும் வேறொரு சோதனையிலோ அவர்களே அதிகம் ஏமாந்தனர். ஆகவே, ஒருவர் கண் கூர்மை, மற்றவர் கண் மந்தம் என்றும் சொல்வதற்கில்லை. மூலைகளும் நேர்ச்சுவர்களும் நிறைந்த வீடுகளில் வளர்வோரின் பார்வை அதற்கேற்பப் பழகுகிறது என்று 1966இல் அமெரிக்க அறிஞர் சிலர் விளக்கம் தந்தனர். தோடரின் பழைய குடிலோ பாதிப் பீப்பாய் போல் வளைந்தது. அவ்விளக்கம் இன்றும் விவாதத்திற்குரியதே.

2008இல் ஆர்னெட் என்னும் அமெரிக்க உளவியலார் ஆறு முக்கிய ஆய்விதழ்களைக் கணக்கெடுத்தார். சோதிக்கப்பட்டோரில் 96 விழுக்காட்டினர் மேலைத் தொழில்வள நாட்டினர். உலக மக்களில் அந்நாட்டினரோ 12 விழுக்காடே! ஒரு பானையைப் பார்த்து ஊர்ப் பந்திக்கே பதம் சொன்ன கதைதான்.

பெற்றோர் பலரும் அறிந்த மிட்டாய்ச் சோதனையும் இத்தகையதே. 1960களின் பிற்பகுதியில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில், “காத்திருந்தால் இரண்டு மிட்டாய்” என்று குழந்தைகளிடம் கூறினர். காத்திருந்த குழந்தைகளே பிற்காலத்தில் படிப்பில் சிறந்தனர் என்ற செய்தி உலகெங்கும் பரவியது. 2018இல் பலதரப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த சுமார் 900 குழந்தைகளின் விவரங்களை ஆராய்ந்தபோது, அத்தொடர்பு பாதியாகக் குறைந்தது. குடும்பச் சூழ்நிலையையும் கணக்கில் கொண்டபோது மேலும் வெகுவாகச் சுருங்கியது. அவசரக்காரக் குழந்தை உருப்படாது என்று எவரும் முடிவு கட்ட வேண்டாம்!

இதனால் ஆராய்ச்சியே வீண் என்பதன்று. பல பானைகளிலும் பதம் பார்க்க வேண்டும் என்பதே கருத்து. கிருஷ்ணகிரியில் மட்டும் ஏறி இறங்கியவர் செஞ்சிக் கோட்டை முழுவதையும் கண்டவர் ஆவாரா? ராஜகிரியும் சந்திரகிரியும் இருக்கின்றனவே!

“பெண்களுக்குக் கணக்கு வராது”, “கிராமத்துப் பிள்ளைக்கு ஆங்கிலம் ஏறாது” என்று யாரேனும் கூறினால், நாம் பணிவுடன் கேட்போம்: “எத்தனை பேரைப் பார்த்தீர்கள்? எங்கே பார்த்தீர்கள்? எங்களைப் பார்த்தீர்களா?” அதே கேள்வியை, பிறரைப் பற்றி நாம் பேச வாயெடுக்கும் போதும் நம்மையே கேட்டுக்கொள்வோம். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கும் இறைவன், அவ்வாறே பிறரைக் காணும் கண்களை நமக்கும் அருள்வாராக!