எக்ஸ் கதிர் படித்த ஏடு

திரவத்தில் மூழ்கும் பொருள் இழக்கும் எடை, அது வெளியேற்றும் திரவத்தின் எடைக்குச் சமம் என்று மனப்பாடம் செய்கிறோம் அல்லவா? அந்த விதியைக் கண்ட ஆர்க்கிமிடீஸ், மிதக்கும் பொருள்களைப் பற்றி எழுதிய நூலின் கிரேக்க மூலம் இன்று ஒரே ஒரு தோல் ஏட்டில்தான் எஞ்சியிருக்கிறது. ஆனால் அந்த ஏட்டைத் திறந்தால் கண்ணில் படுவது கணிதம் அன்று, ஜெபங்கள்!

10-ஆம் நூற்றாண்டில் ஒருவர் அந்நூல்களைத் தோலில் பிரதி எடுத்தார். அக்காலத்தில் தோல் ஏடு விலை மிகுந்தது. எனவே 1229-ஆம் ஆண்டு ஒரு குரு அந்த எழுத்தைச் சுரண்டிக் கழுவி, தாள்களைக் குறுக்கே திருப்பி மடித்து, ஜெபப் புத்தகம் எழுதிவிட்டார். 1906-இல் ஹைபெர்க் என்னும் டென்மார்க் அறிஞர் பூதக்கண்ணாடி கொண்டு பெரும்பகுதியைப் படித்தார். பிறகு பூஞ்சை பிடித்தது. போதாக்குறைக்கு, 20-ஆம் நூற்றாண்டில் யாரோ நான்கு பக்கங்களின் மேல் தங்க நிறத்தில் போலிச் சித்திரங்கள் தீட்டினர். விலை கூட்டத்தான், வேறெதற்கு? 1998-இல் இந்த ஏடு 20 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. வாங்கியவர் அதைப் பால்டிமோர் நகரின் வால்டர்ஸ் அருங்காட்சியகத்தில் ஆராய்ச்சிக்கு ஒப்படைத்தார். பல நிற ஒளிகளில் படம் எடுத்தும், தங்கத்தின் அடியில் இருந்ததைப் படிக்க முடியவில்லை.

வழி கண்டவர் ஊவே பெர்க்மன். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில், பசலைக் கீரையில் உள்ள உலோகங்களை எக்ஸ் கதிரால் ஆராய்ந்துவந்த விஞ்ஞானி. ஏட்டின் மையில் இரும்பு உண்டு என்று ஒரு பத்திரிகையில் படித்ததும், இரும்பைத் தேடினால் எழுத்து கிடைக்குமே என்று அவருக்குத் தோன்றியது. அந்த மை வேறொன்றுமில்லை. நம் பாட்டிமார் குழந்தையின் நாவில் உரசித் தடவும் மாசிக்காயின் சாறும் அன்னபேதியும் கலந்ததுதான். அன்னபேதி என்பது இரும்பின் உப்பு. எழுத்தைச் சுரண்டினாலும் தோலுக்குள் ஊறிய இரும்பு போகாது.

எலும்பு முறிந்தால் ஆஸ்பத்திரியில் எடுக்கும் படம் வெறும் நிழல். இது அப்படியன்று. எக்ஸ் கதிர் ஓர் அணுவின் உட்கூட்டிலுள்ள எலக்ட்ரானைத் தட்டி வெளியேற்றுகிறது. வெளிக்கூட்டிலிருந்து வேறோர் எலக்ட்ரான் அந்த இடத்துக்கு இறங்குகிறது. இறங்கும்போது மிஞ்சும் ஆற்றல் இன்னொரு எக்ஸ் கதிராக வெளிவருகிறது. அந்த ஆற்றலின் அளவு தனிமத்துக்குத் தனிமம் வேறு. ஆகவே இரும்புக்குரிய கதிரை மட்டும் எண்ணினால், தங்கத்துக்கு அடியில் இரும்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

2005, 2006-ஆம் ஆண்டுகளில் முடியளவு மெல்லிய கதிரைப் பக்கத்தின் மேல் வரிவரியாக ஓட்டினர். ஒரு பக்கத்துக்குப் பல மணி நேரம்! தோல் கெடாதிருக்க, கதிர் ஓரிடத்தில் நிற்காமல் விரைந்து நகரவேண்டும். கிடைத்த படமோ ஒரே குழப்பம். ஜெபத்தின் மையிலும் இரும்பு உண்டல்லவா? தாளின் மறுபக்க எழுத்துகளும் சேர்ந்து தெரிந்தன. அவற்றைப் பிரித்துப் படித்த கிரேக்க மொழி அறிஞர்களின் பொறுமைக்கே நாம் முதல் பரிசு கொடுப்போம்.

ஜெபப் புத்தகத்தின் முதல் பக்கத்திலும் கதிரை ஓட்டினார்கள். தேய்ந்து மறைந்திருந்த ஒரு பெயர் தெரிந்தது: யோவான்னெஸ் மைரோனாஸ். ஆர்க்கிமிடீஸை அழித்த அதே குரு! சிலர் அவரைக் குறை கூறுகிறார்கள். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. ஜெபப் புத்தகம் என்பதால்தானே அதை நூற்றாண்டுக் கணக்கில் பத்திரமாக வைத்திருந்தார்கள்?