அணைத்துவிட்டால் போதுமா?

ஒன்பதாம் வகுப்பில் மின்மாற்றி பாடத்தை முடிக்கும்போது, "மின்சார வேலைக்கு முன் சுவிட்சை அணைத்துவிடுங்கள்; அணைத்தால் ஆபத்தில்லை" என்று சொல்வது என் வழக்கம். பல ஆண்டுகளாக அப்படித்தான் சொல்லிவந்தேன். அது பாதி உண்மைதான் என்று எனக்குப் புரியவைத்தவர் என் மாணவி ஒருத்தியின் அப்பா. அவர் ஒரு லைன்மேன்.

பெற்றோர் கூட்டம் முடிந்த பிறகும் தயங்கி நின்றார். வலது உள்ளங்கையில் பழைய தீக்காயத் தழும்பு. "டீச்சர், பாப்பா நோட்டைப் பார்த்தேன். அணைச்சா ஆபத்தில்லைன்னு எழுதியிருக்கு. நானும் அப்படி நம்பித்தான் கையைச் சுட்டுக்கிட்டேன்" என்றார்.

"என்னண்ணா நடந்தது?" என்று உட்காரவைத்துக் கேட்டேன். ஏ.பி. சுவிட்சைத் திறந்து 11 கே.வி. பாதையை அணைத்திருக்கிறார்கள். சிறிய வேலைதானே என்று எர்த் ராடு போடாமல் கம்பம் ஏறியிருக்கிறார். அந்த நேரத்தில் தெருவில் ஒரு கடைக்காரர், மெயினைத் துண்டிக்காமல் ஜெனரேட்டரைப் போட்டுவிட்டார். இடுப்பில் பெல்ட் இருந்ததால் கீழே விழவில்லை.

காரணம் நம் பாடத்திலேயே இருக்கிறது. தெருவிலுள்ள மின்மாற்றியின் முதன்மைச் சுருளுக்கு 11,000 வோல்ட்; துணைச் சுருள் ஒவ்வொன்றிலும் சுமார் 250 வோல்ட். சுற்றுகளின் விகிதம் 44:1. துணைச் சுருள் பக்கமாக 230 வோல்ட் நுழைந்தால், அதே மின்மாற்றி ஏற்று மின்மாற்றியாகிவிடும். மறுபக்கம் ஏறக்குறைய 10,000 வோல்ட்! இறக்கு மின்மாற்றி என்று நாம் பெயர் வைத்தாலும், மின்சாரம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதுதான் அதன் வேலையைத் தீர்மானிக்கிறது.

உயர் அழுத்தப் பாதையில் வேலை செய்வோருக்கு அளிக்கப்படும் பயிற்சியின் உயிர்நாடி அதன் வரிசை. அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.

1. எழுத்துமூலம் எல்.சி. பெறுதல்.
2. சுவிட்சைத் திறந்து, இடைவெளியைக் கண்ணால் பார்த்து, பூட்டி, "ஆட்கள் வேலை செய்கிறார்கள்" என்ற பலகை மாட்டுதல்.
3. மின்சாரம் இல்லை என்பதைக் கருவியால் சோதித்தல்.
4. வேலை செய்யும் இடத்தின் இருபுறமும் எர்த் ராடு போடுதல். முதலில் தரைப்பக்க இணைப்பு, பிறகே கம்பிப்பக்கம். கழற்றும்போது முதலில் கம்பிப்பக்கம்.
5. வேலை முடிந்ததும் அனைவரும் இறங்கிவிட்டதை எண்ணிப் பார்த்து, எர்த் ராடைக் கழற்றி, எல்.சி. பெற்றவரே அதைத் திருப்பித் தருதல்.

கையாளும் முன் கம்பியை எர்த் செய்து மின்னிறக்கம் செய்ய வேண்டும் என்பதை மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளும் வலியுறுத்துகின்றன.

வகுப்பறைச் செயல்பாடு

வீட்டு மின்சாரத்தைத் தொடாமல், டார்ச் செல்களைக் கொண்டே இதைச் செய்தேன். இரண்டு செல்கள், ஒரு சுவிட்ச், இரண்டு நீண்ட கம்பிகள்: இதுதான் 'மின்பாதை'. ஹோல்டரில் பொருத்திய சிறு பல்பு 'சோதனைக் கருவி'. அட்டைக்குப் பின்னால், அதே கம்பிகளில், மாணவர்களுக்குத் தெரியாமல் இன்னும் இரண்டு செல்களையும் ஒரு சுவிட்சையும் இணைத்தேன். நேர்முனை நேர்முனையோடுதான் சேர வேண்டும்.

முதல் சுற்றில், சுவிட்சை அணைத்த குழுவினர் "மின்சாரம் இல்லை" என்று எழுதினார்கள். பல்பை வைத்தால் எரிந்தது! அட்டையை விலக்கியதும், "இதுதான் மிஸ் அந்த ஜெனரேட்டர்" என்றாள் லைன்மேனின் மகள்.

இரண்டாம் சுற்றில், பல்பை ஹோல்டரில் லேசாகத் தளர்த்தி வைத்தேன். பல்பு எரியவில்லை, "இப்போது பாதுகாப்பு" என்றார்கள். தனியாக ஒரு செல்லில் பல்பை வைத்துப் பார்க்கச் சொன்னேன். அதிலும் எரியவில்லை. அப்போதுதான் அவர்களுக்குப் புரிந்தது: சோதனைக் கருவியையே முதலில் சோதிக்க வேண்டும். மின்சாரம் உள்ள இடத்தில் அது வேலை செய்வதைப் பார்த்த பிறகே பாதையில் வைக்க வேண்டும். சோதனை முடிந்ததும் மீண்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

பிறகு ஐந்து படிகளையும் அட்டைகளில் எழுதிக் கலைத்துக் கொடுத்தேன். வரிசைப்படுத்திய ஒவ்வொரு குழுவிடமும் ஓர் அட்டையை எடுத்துவிட்டு, "இது இல்லாவிட்டால் யாருக்கு என்ன ஆகும்?" என்று கேட்டேன். வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் அன்று பேசினார்கள்.

வீட்டுப்பாடமாக, "உங்கள் வீட்டிலோ கடையிலோ ஜெனரேட்டர் இருந்தால், சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இருக்கிறதா என்று பெரியவர்களிடம் கேட்டு வாருங்கள், எதையும் தொடக் கூடாது" என்றேன். மறுநாள் ஒரு மாணவன், தன் மாமா கடையில் இரு முனையிலும் பிளக் வைத்த ஒயரால் ஜெனரேட்டரை இணைப்பதாகச் சொன்னான். அன்று மாலையே அவன் மாமாவிடம் பேசினேன். மறுவாரம் எலக்ட்ரீஷியனை வரவழைத்து சேஞ்ச் ஓவர் சுவிட்ச் பொருத்திவிட்டார்.

அந்த மாணவியின் நோட்டில் பழைய வரியை நானே அடித்துத் திருத்தினேன்: "அணைத்து, சோதித்து, எர்த் செய்த பிறகே தொட வேண்டும்." கீழே அவள் அப்பாவும் கையெழுத்திட்டிருக்கிறார்.