பெட்டி ஓடுது, குளிர்தான் இல்லை!

"பொட்டி ராப்பகலா ஓடுதுங்க. கரண்ட் பில்லும் கூடிப்போச்சு. ஆனா உள்ளுக்குக் கைய வச்சா குளிரே இல்லங்க."

இப்படிச் சொல்லும் குடும்பங்கள் பசறை, ஹாலி-எல, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கத் தோட்டங்களில் இன்று அநேகம். பக்கத்து வீட்டு அண்ணன் எட்டிப் பார்ப்பார். "காஸ் போயிடுச்சு, காஸ் அடிக்கணும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். திருத்துகிறவர் வருவார், காஸ் அடிப்பார், பல நாள் பேர் போட்டு உழைத்த காசு போய்விடும். மூன்றாம் மாதம் பழையபடி பால் திரியும்.

இந்த இடத்தில் ஒரு விடயத்தை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அடுப்புக் காஸ் எரிவதால் தீருகிறது. குளிர்சாதனப் பெட்டியின் காஸ் எரிவதில்லை. அடைத்து ஒட்டிய குழாய்க்குள்ளேயே அது சுற்றிச் சுற்றி வருகிறது. உள்ளே வெப்பத்தை வாங்கி, பின்பக்கக் கம்பி வலையில் கொண்டுவந்து விடுகிறது. ஓட்டை விழாவிட்டால் பெட்டியின் ஆயுள் முடியும் வரை அதே காஸ்தான். ஆகவே காஸ் குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையை அடைக்காமல் காஸ் அடிப்பது, ஓட்டை வாளியில் தண்ணீர் பிடிப்பது போலத்தான்.

எமது வீட்டிலும் இது நடந்தது. இரண்டு முறை காஸ் அடித்தோம். மூன்றாவதாக வந்தவர் ஒரு கடதாசித் துண்டைக் கதவில் வைத்து மூடி இழுத்தார். அது வழுக்கிக்கொண்டு வந்தது. கதவு ரப்பர்தான் பழுது! அந்த ரப்பரில் பிசுக்குப் பிடித்திருந்தது. சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து, சுடுநீரில் நனைத்த துணியால் ஒத்தி நிமிர்த்தியதும் சரியாகிவிட்டது.

முதலில் அளந்து பாருங்கள்

கை வைத்துப் பார்த்துக் குளிரைச் சொல்ல முடியாது. தேயிலை ஸ்டோரில் வேலை செய்கிறவர்கள் இதை அறிவார்கள். அங்கே ஈரக் குமிழ், உலர் குமிழ் என்று இரண்டு வெப்பமானிகளைப் பார்த்துத்தானே தீர்மானிக்கிறார்கள்? காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது, அது 35 பாகைக்குக் கீழே காட்டாது. பூச்சியத்துக்குக் கீழேயும் காட்டும் சிறிய வெப்பமானி ஒன்றை வாங்கி, ஒரு கிளாஸ் தண்ணீரில் போட்டு, நடுத்தட்டில் இரவு முழுக்க வையுங்கள். விடிந்ததும் கதவைத் திறந்தவுடன் பாருங்கள். 5 பாகை செல்சியசுக்குக் கீழே இருந்தால் பெட்டியில் குறை இல்லை. மேலே ஐஸ் தட்டு உறைபெட்டியாக இருந்தால் அங்கே பூச்சியத்துக்குக் கீழே 18 இருக்க வேண்டும்.

இவ்வளவு கவனம் எதற்கு என்று கேட்கலாம். பால், மீன், கறிக்காக மட்டுமல்ல. இன்று எத்தனையோ லயங்களில் அந்தப் பெட்டிக்குள் அம்மாவின், மாமாவின் இன்சுலின் குப்பி இருக்கிறது. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டும். சூடு பட்டால் அதன் பலம் மெல்லக் குறையும். உறைந்தாலோ ஒரேயடியாகக் கெட்டுவிடும். உறைந்து இளகிய குப்பி பார்வைக்கு நன்றாகத் தெரிந்தாலும் ஏற்றக் கூடாது. "குளிர் பத்தல" என்று ஒருவர் குமிழை ஆகக் கூடிய இலக்கத்துக்குத் திருப்பிவிட, மறுநாள் இன்சுலின் கட்டியாகிப் போவது இப்படித்தான். குப்பியை ஐஸ் தட்டுக்குக் கீழேயும், பின்சுவரோடு ஒட்டியும், கதவுத் தட்டிலும் வைக்காதீர்கள். நடுத்தட்டில், ஒரு சிறு டப்பாவுக்குள் வையுங்கள். குமிழில் இலக்கம் கூடக்கூடக் குளிர் கூடும். ஒரு இலக்கம் மாற்றினால் ஒரு நாள் பொறுத்துத்தான் மீண்டும் அளக்க வேண்டும்.

மேட்டுத் தோட்டத்துக் குளிரும் ஒரு காரணம்

இதைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அப்புத்தளை 1,430 மீற்றர் அளவில் இருக்கிறது. அங்கே மார்கழி, தை மாத இரவுகளில் இஸ்தோப்பில் வைத்த பெட்டியின் மேல்தட்டு ஐஸ் இளகிவிடும். "வெளியே இவ்வளவு குளிர், உள்ளே ஐஸ் கரையுதே!" என்று ஆச்சரியப்படுவார்கள்.

காரணம் எளிது. சாதாரணப் பெட்டியில் ஒரு கொம்பிரசர், ஒரு தேர்மோஸ்டாட். அந்தத் தேர்மோஸ்டாட் கீழறையின் குளிரைத்தான் பார்க்கிறது. வெளியே 10, 12 பாகை என்றால் கீழறை தானாகவே குளிர்ந்து கிடக்கும். "போதும்" என்று தேர்மோஸ்டாட் நினைத்துக்கொள்ள, கொம்பிரசர் வெகுநேரம் தூங்கும், மேலறைக்கும் குளிர் போகாது. பெட்டியின் பின்னாலோ உட்பக்கமோ ஒட்டியுள்ள தகட்டைப் பாருங்கள். அதில் "டி" என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது 16 முதல் 43 பாகை வரையான இடத்துக்கென்று செய்தது. "எஸ்.என்" என்றிருந்தால் 10 பாகை வரை தாங்கும். மருந்து இதுதான்: பெட்டியை இஸ்தோப்பிலிருந்து உள்காம்பராவுக்கு மாற்றுங்கள். அடுப்பங்கரைக்கு மட்டும் வேண்டாம்.

அடுப்பங்கரையில் வேறு தொல்லை. விறகுப் புகையின் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் பின்பக்கக் கம்பி வலையில் படிந்து கம்பளிபோல் மூடிக்கொள்ளும். உள்ளே வாங்கிய வெப்பத்தை வெளியே விட வழி இருக்காது. பெட்டி ஓடிக்கொண்டே இருக்கும், பில் ஏறும், குளிர் வராது. பிளக்கைக் கழற்றிவிட்டு, காய்ந்த தூரிகையால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தட்டிவிடுங்கள். சுவருக்கும் பெட்டிக்கும் இடையில் நாலு விரல் இடைவெளி இருக்கட்டும். புதிய பெட்டிகள் சிலவற்றில் கம்பி வலை வெளியே தெரியாது, பக்கச் சுவர்தான் சூடாகும். அது குறையல்ல.

உள்ளே ஐஸ் கால் அங்குலத்துக்கு மேல் கட்டினால் அந்த ஐஸே குளிரைத் தடுக்கும். பிளக்கைக் கழற்றி, ஒரு சட்டியில் சுடுநீர் உள்ளே வைத்துக் கதவைத் திறந்து விடுங்கள். கத்தி, கரண்டிக்காம்பு எதுவும் கூடாது. அந்த மெல்லிய தகட்டில் ஒரு குத்து விழுந்தால் உண்மையாகவே காஸ் போய்விடும். புதிய பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது ஐசோபியூட்டேன் என்னும் தீப்பற்றும் காஸ். குத்தி விட்டீர்களானால் நெருப்பு, குப்பி விளக்கு எதையும் கிட்டக் கொண்டுவராமல் கதவு ஜன்னலைத் திறந்து வையுங்கள். சுவிட்சையும் தொடாதீர்கள்.

ஐஸ் கட்டாத 'நோ புரொஸ்ட்' பெட்டி என்றால், மேலே உறைந்து கீழே சூடாக இருப்பது மறைவான இடத்தில் ஐஸ் அடைத்துக்கொண்டதன் அடையாளம். ஒரு நாள் முழுக்க நிறுத்திக் கதவைத் திறந்து வைத்தால் சரியாகும். சில நாளில் மறுபடி வந்தால் ஐஸ் உருக்கும் பாகத்தைத்தான் மாற்ற வேண்டும். இதற்கும் காசைக் காஸுக்குக் கொடுக்காதீர்கள்.

மாலையில் மட்டும் வரும் வருத்தம்

சில வீடுகளில் பகலில் எல்லாம் சரி. பொழுது சாய்ந்ததும் பெட்டி "டக்" என்று சத்தம் போட்டு, உறுமி, மறுபடி "டக்" என்று நின்றுவிடும். லயத்தில் எல்லா வீட்டிலும் ரைஸ் குக்கர், அயன் பெட்டி, சுடுநீர்க் கேத்தல் ஒன்றாய் வேலை செய்யும் நேரம் அது. எமது நாட்டில் வீட்டுக்கு வரவேண்டியது 230 வோல்ட். நூற்றுக்கு 6 வீதம் கூடலாம், குறையலாம். கம்பியின் கடைசியில் உள்ள லயத்துக்கு, அதுவும் பக்கத்து வீட்டிலிருந்து மெல்லிய வயரில் இழுத்த கரண்ட் என்றால், 216க்கும் கீழே இறங்குவது உண்டு. கொம்பிரசர் கிளம்ப முடியாமல் தவித்து எரிந்துபோகும். தோட்டத்து எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு மாலை 7 மணியளவில் பெட்டியின் சொக்கெட்டிலேயே அளக்கச் சொல்லுங்கள். பெட்டிக்கென்று தனி வயர், மூன்று முள் பிளக், ஏர்த் இருக்க வேண்டும். கதவைத் தொட்டால் சுருக்கென்றால் அன்றே நிறுத்துங்கள்.

கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். கீழறை 4 மணி நேரம் தாங்கும். நிறைந்த உறைபெட்டி இரண்டு நாள் தாங்கும், பாதி நிறைந்தது ஒரு நாள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு கிளாஸ் தண்ணீரை உறைய வைத்து மேலே ஐந்து ரூபா நாணயம் ஒன்றைப் போட்டு வையுங்கள். பின்னர் நாணயம் அடியில் கிடந்தால் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. அந்த மீனை வீசிவிடுங்கள். இன்சுலின் குப்பியை ஈரமண் நிரப்பிய பானைக்குள் வைத்த சிறு மண்சட்டியில் வைத்து மூடலாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இது நன்றாகக் குளிரும், மழைக் காலத்தில் அவ்வளவு குளிராது. திறந்து பாவிக்கும் குப்பி எத்தனை நாள் வெளியே இருக்கலாம் என்பது மருந்துக்கு மருந்து மாறும். டிஸ்பென்சரியில் குப்பியைக் காட்டியே கேளுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் கொம்பிரசர் ஓய்வின்றி ஓடி, பின்வலையோ பக்கச் சுவரோ கொஞ்சமும் சூடேறாமல், உள்ளே ஒரு மூலையில் மட்டும் ஐஸ் கட்டினால், காஸ் குறைந்திருக்கக் கூடும். அப்போது திருத்துகிறவரைக் கூப்பிடுங்கள். வந்தவரிடம், "ஓட்டை எங்க இருக்குனு காட்டுங்கண்ணே, அடைச்சிட்டு பில்டரையும் மாத்துவீங்களா, தகட்டுல போட்டிருக்க அதே காஸ்தானே அடிப்பீங்க?" என்று கேளுங்கள். திகதியும் தொகையும் எழுதிய துண்டொன்று வாங்கிய பிறகு காசைக் கொடுங்கள்.