ஏழுமலைக்கு இஸட் ஹெச்

செய்யாறு,
ஞாயிறு காலை.

அன்புள்ள கண்ணுக்கு,

வளைகாப்புப் போட்டோ எல்லாம் வந்தது. கை நிறைய வளையலோடு லட்சணமாக இருக்கிறாய், முகம்தான் கொஞ்சம் வாடியிருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் போடுகிறாயா? உன் அம்மா விஷயத்தைச் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. திட்டுவதற்காக எழுதவில்லை. போனில் பேசினால் குரல் ஏறிவிடும், அதனால்தான் கடிதம்.

பிள்ளைக்கு என்ன பெயர் என்பதில் நான் வாய் திறக்க மாட்டேன். அதை நீயும் மாப்பிள்ளையும் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பெயரைப் பற்றித்தான் என் பேச்சு. ஏழுமலை அங்கே யார் வாயிலும் நுழையவில்லை, ‘மலை’ என்று மட்டும் போடலாமா, மாப்பிள்ளை பெயரைப் போடலாமா, சம்பந்தியம்மா சொல்கிற அந்தப் பழைய பட்டத்தைப் போடலாமா என்று யோசிக்கிறாயாம். எதை வேண்டுமானாலும் எடு. உன் பிள்ளை, உன் இஷ்டம். இருப்பதை அப்படியே விடுவது என்று நாலாவதாகவும் ஒன்று உண்டு. அதை யாரும் உனக்குச் சொன்னதாகத் தெரியவில்லை.

உன் சங்கடம் புரியாமல் இல்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் கதவைத் திறந்து, கையிலிருக்கும் தாளைப் பார்த்து, வாயைத் திறந்து அப்படியே நிற்பாளாம். அந்த நிற்பை வைத்தே நம்மைத்தான் என்று நீ எழுந்துவிடுவாயாம். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். ஆனால் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயரோடு போனவர்களை விட நீ தேவலை. அவர்களுக்கு அமெரிக்க விசாவில் முதல் பெயர் வர வேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ. என்று, அதாவது பெயர் தெரியாது என்று, அச்சடித்துக் கொடுக்கிறார்கள். லைசென்ஸ் வரைக்கும் அது கூடவே வருகிறதாம். 2022 நவம்பரில் துபாய்ப் பக்கம் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு விசிட் விசாவே கிடையாது என்றார்கள். பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் சரி என்று அப்புறம் இறங்கி வந்தார்கள். உங்கப்பன் அன்றைக்கே உன் பெயரை ஒரு கட்டத்திலும் தன் பெயரை இன்னொரு கட்டத்திலும் முழுசாக எழுதினான், அதுவும் இஸட் ஹெச் போட்டு. ஏன் அத்தனை பிடிவாதம் என்று உனக்குத் தெரியாது.

அவனுடைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ஆரம்பித்தது எல்லாம். ழவுக்கு எல் போதும் என்று பள்ளிக்கூட கிளார்க் ஒரு மகராசன் முடிவு செய்தான். உன் தாத்தாவுக்குப் படிப்பு கிடையாது. திருப்பதிக்கு வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளை, மொட்டை போட்டு வைத்த பெயர், இங்கிலீஷில் எப்படி இருந்தால் என்ன என்று கைநாட்டு வைத்துவிட்டு வந்தார். வேலைக்குப் போன இடத்தில் எஸ்.ஆர். புத்தகத்திலும் அதே எல் ஏறியது. பேங்கில் முன்னால் ஒரு ஒய் சேர்த்தார்கள். ஆதாரில் மட்டும் அவனே பக்கத்தில் நின்று இஸட் ஹெச் போட வைத்தான். இன்னொரு அட்டையில் இங்கிலீஷிலிருந்து தமிழுக்குத் திரும்பி வந்தபோது ‘எலுமலை’ ஆகியிருந்தது. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டிச் சிரிப்பானே, ஞாபகம் இருக்கிறதா?

அவன் போன பிறகு அது சிரிக்கிற விஷயமாக இல்லை. குடும்ப பென்ஷனுக்காக உன் அம்மா போய் நின்றபோது மூன்று தாளில் மூன்று ஏழுமலை. எந்த ஆபீஸ் என்பது வேண்டாம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் மூன்றையும் வரிசையாகப் பரப்பி வைத்துக்கொண்டு, “இதில் யாரும்மா உங்க வீட்டுக்காரர்?” என்று கேட்டார். காரியம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஸ்டாம்ப் பேப்பர் வாங்கி, மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று எழுதி, நோட்டரி, வி.ஏ.ஓ., தாசில்தார் ஆபீஸ், மறுபடியும் அதே மேசை. லஞ்சுக்குப் போயிருக்கிறார், லீவு, மேலே அனுப்பியிருக்கிறது. பரீட்சை நேரம், உனக்குச் சொல்ல வேண்டாம் என்றாள் உன் அம்மா. இப்போது நான் சொல்கிறேன். அந்த கிளார்க்கை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

தமிழையே எல் போட்டுத்தானே எழுதுகிறோம் அத்தை என்பாய். எழுதட்டும். கனிமொழிக்கும் ஆலப்புழைக்கும் இஸட் ஹெச் வருகிறதே! எழும்பூரில் வெள்ளைக்காரன் அதே ழவை ஜி ஆக்கிவிட்டுப் போனான். 2020-ல் நம் அரசாங்கம் 1018 ஊர்ப் பெயர்களுக்குப் புது ஸ்பெல்லிங் போட்டு ஆணை வெளியிட்டது, ஆளாளுக்குக் கேலி செய்ய, சில நாளிலேயே வாபஸ் வாங்கிக்கொண்டது. அரசாங்கத்தால் அப்படித் திரும்ப வாங்கிக்கொள்ள முடியும். உன் பிள்ளைக்கு முடியுமா? உன் பாஸ்போர்ட்டில் ஒன்று, அதன் சர்டிபிகேட்டில் வேறொன்று என்றால், நாளைக்கு ஓ.சி.ஐ. கார்டுக்கு நிற்கும்போது நீயும் தாளைப் பரப்பிக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

சந்திரசேகரையே உலகம் சந்திரா என்று சுருக்கவில்லையா, 1999-ல் நாசா அனுப்பிய தொலைநோக்கிக்கே அந்தப் பெயர்தானே என்று மாப்பிள்ளை கேட்டாராம். கெட்டிக்காரர். ஆனால் நானும் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தவள்தான். அந்த மனிதர் கணக்குப் போட்டுச் சொன்ன வரம்புக்கு ‘சந்திரசேகர் எல்லை’ என்றுதான் பெயர். 1983-ல் நோபல் பரிசு வாங்கியதும் முழுப் பெயரில்தான். பிள்ளையை அங்கே மலை என்று கூப்பிடட்டும், ஏழு என்று கூப்பிடட்டும், தாளில் ஒன்பது எழுத்தும் இருக்கட்டும்.

மாப்பிள்ளை பெயரைப் போடுவதில் எனக்கு வருத்தம் இல்லை. நம் பக்கத்து வழக்கமே அதுதான். எனக்கும் கல்யாணமான சூட்டோடு ரேஷன் கார்டில் இனிஷியலை மாற்றினார்கள், ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் மாமா தங்கமான மனிதர், அது வேறு விஷயம். உங்கப்பனுக்கு நீ ஒருத்திதான் என்பதை மட்டும் நினைவுபடுத்துகிறேன்.

அந்தப் பட்டம் மட்டும் வேண்டாம். இதில் உன் இஷ்டம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1929-லேயே நம்ம செங்கல்பட்டில் சுயமரியாதை மாநாடு கூட்டி, பெயருக்குப் பின்னால் சாதியை ஒட்டுவதை விடுங்கள் என்று தீர்மானம் போட்டார்கள். பெரியாரே நாயக்கரை விட்டார். சம்பந்தியம்மாவின் மாமனாரும் அப்படித்தான் வாலை அறுத்தார் என்று உன் கல்யாணப் பந்தியில் அவர்களேதான் பெருமையாகச் சொன்னார்கள். அமெரிக்காவில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது என்பதற்காக அதைத் தேடியெடுத்து ஒட்டுவதா?

சரி, காரியத்துக்கு வருகிறேன். பிறப்புச் சான்றுக்கான படிவத்தை ஆஸ்பத்திரியிலேயே கொடுப்பார்களாம். நீ அசந்து கிடக்கும் நேரமாக இருக்கும், மாப்பிள்ளை கையெழுத்தோ கோழி கிளறியது போல இருக்கும். அதனால் இப்போதே ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிப் பையில் வைத்துக்கொள். போனில் சொல்லும்போது இஸட் என்றால் அங்கே முழிப்பார்களாம், ஸீ என்று சொல்ல வேண்டுமாம். அது சி என்று காதில் விழும். ஸீப்ரா என்று சேர்த்துச் சொல்லிவிடு.

நிறையப் பேசிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே கண்ணு, உன்னை விட்டால் நான் யாரிடம் இப்படிப் பேசப்போகிறேன்? நீ எந்தப் பெயர் வைத்தாலும் எனக்குச் சம்மதம், சத்தியமாகச் சொல்கிறேன். சிறு வயதிலிருந்து நீ எடுத்த முடிவு எதுவும் சோடை போனதில்லை. உன் அம்மா வரும்போது பிரசவ லேகியமும் பூண்டு ஊறுகாயும் கொடுத்தனுப்புகிறேன். பிள்ளையைச் சுற்ற இரண்டு பழைய வேட்டியும் வைத்திருக்கிறேன். உங்கப்பனுடையதுதான், துவைத்துத் துவைத்து மெத்தென்று இருக்கிறது. மாப்பிள்ளையை மிகவும் கேட்டதாகச் சொல். இந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டாம்.

உன் அன்பு அத்தை.

பி.கு.: அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்கத்தான், வேறொன்றும் இல்லை.