பிளாக் எழுதினா மாசம் ₹30,000 வருமா? நிஜக் கணக்கு இதோ!

அரியலூர் சிமெண்ட் ஆலையிலோ பெரம்பலூர் டயர் ஆலையிலோ வேலை பார்த்துக்கிட்டே, லீவு நாளில் பிளாக் எழுதி சம்பாதிக்கலாம்னு யோசிக்கிறீங்களா? தாராளமா செய்யலாம். ஆனா வார்த்தையை எண்ணாதீங்க, மணி நேரத்தை எண்ணுங்க.

உதாரணமா, வார்த்தைக்கு 50 பைசான்னு வெச்சுக்குவோம். 1,000 வார்த்தைக் கட்டுரைக்கு ₹500. தகவல் தேட 2 மணி நேரம், எழுத 3, திருத்தத்துக்கு 1. மொத்தம் 6 மணி நேரம். மணிக்கு சுமார் ₹83தான்!

வாரம் 2 கட்டுரைன்னா மாசம் 8, வருமானம் ₹4,000. இதே ரேட்டில் ₹30,000 வேணும்னா 60 கட்டுரை, 360 மணி நேரம். வேலையில இருக்கிறவங்களால முடியுமா?

ரேட்டை உயர்த்த ஒரே வழி, உங்களுக்குத் தெரிஞ்ச துறையை எழுதுறதுதான். சின்ன வெங்காயத்தைப் பட்டறை போடுறது, சுண்ணாம்புக்கல் சுரங்கம், சிமெண்ட் தரம்: இதெல்லாம் நம்ம ஊர்க்காரங்களுக்கு அத்துப்படி. தேடுற 2 மணி நேரம் மிச்சமானாலே மணிக்கு ₹125. விஷயம் தெரிஞ்சவர்னா ரேட்டும் கூட்டிக் கேட்கலாம்.

வரியையும் மறக்காதீங்க. 2025 ஏப்ரல் முதல், ஒரே நிறுவனம் நிதியாண்டில் ₹50,000-க்கு மேல் தொழில்முறைக் கட்டணம் கொடுத்தா 10% டிடிஎஸ் பிடிக்கும். பிடிக்கலைன்னாலும் இந்த வருமானத்தை ரிட்டர்னில் காட்டணும். அதுக்கு ஐடிஆர்-1 செல்லாது.

முதல்ல உங்க வேலை ஒப்பந்தத்தில் வெளிவேலைக்கு அனுமதி இருக்கான்னு பாருங்க. அப்புறம் 3 மாசம் நேரத்தைக் குறிச்சு வையுங்க. வேலையை விடலாமாங்கிற பேச்சே அதுக்கப்புறம்தான்!