அவை தந்த தீர்ப்பு

நுழையும்முன்

எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலாவதாக வைத்த தொல்காப்பியர், அஃது எள்ளல், இளமை, பேதைமை, மடமை ஆகிய நான்கின் வழியே பிறக்கும் என்கிறார். பேதைமை மிக்க பெண்ணாக நடித்து அமெரிக்க மக்களைச் சிரிக்க வைத்தவர் லூசில் பால். நடிப்பில் பேதையாகத் தோன்றிய அவர், வாழ்வில் எத்துணைத் தெளிவுடையவராக விளங்கினார் என்பதை இப்பாடத்தில் அறிவோம்.

இளமைக்காலம்

லூசில் பால் 1911ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தின் ஜேம்ஸ்டவுன் என்னும் ஊரில் பிறந்தார். நான்கு வயது நிறையும் முன்னரே தந்தையை டைபாய்டு காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார். பதின்ம வயதில் நியூயார்க் நகரத்து நாடகப்பள்ளி ஒன்றில் சேர்ந்தார். பிறர் முன் பேசவே கூசிய அம்மாணவிக்கு நடிப்பு வராது என்று கருதிய ஆசிரியர்கள், அவரை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினர்.

மனம் தளராது அவர் மீண்டும் நகருக்கு வந்தார். ஆடை விளம்பரங்களில் தோன்றிப் பொருள் ஈட்டினார். 1933இல் ஹாலிவுட் சென்று, பல ஆண்டுகள் திரைப்படங்களில் சிறு வேடங்களை ஏற்றார். 1940இல் கியூபாவில் பிறந்த இசைக்குழுத் தலைவர் டெசி அர்னாஸை மணந்தார்.

ஒரு நிபந்தனை

1948இல் தொடங்கிய வானொலி நகைச்சுவைத் தொடர் ஒன்று லூசில் பாலுக்குப் புகழ் தந்தது. அதனைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவரச் சி.பி.எஸ். நிறுவனம் விரும்பியது. தொடரில் கணவராகத் தம் கணவரே நடிக்க வேண்டும் என்று லூசில் பால் நிபந்தனை விதித்தார். கியூப ஒலிப்புடன் ஆங்கிலம் பேசும் ஒருவரை அமெரிக்கப் பெண்ணின் கணவராக மக்கள் ஏற்பார்களா என்று நிறுவனம் தயங்கியது.

லூசில் பால் வாதிட்டுக்கொண்டிருக்கவில்லை. 1950இல் கணவருடன் ஊர் ஊராகச் சென்று மேடையில் நகைச்சுவை நிகழ்ச்சிகளை நடத்தினார். அரங்குகளில் எழுந்த சிரிப்பொலியே நிறுவனத்தின் ஐயத்தைப் போக்கியது. 1951 அக்டோபர் 15ஆம் நாள் ‘ஐ லவ் லூசி’ தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கியது.

படச்சுருளும் உரிமையும்

அக்காலத்தில் பெரும்பாலான நிகழ்ச்சிகள் நியூயார்க்கிலிருந்து நேரடியாக ஒளிபரப்பாயின. தொலைவிலுள்ள நகரங்களுக்குத் தெளிவற்ற படிகளே கிடைத்தன. கலிபோர்னியாவில் தங்கிப் பணியாற்ற விரும்பிய இருவரும், தொடரைத் திரைப்படச் சுருளில் பதிவு செய்ய முன்வந்தனர். அதற்குச் செலவு மிகுதி. ஆகவே, தம் ஊதியத்தில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொண்டு, அதற்கு ஈடாகப் படச்சுருள்களின் உரிமையைப் பெற்றனர். அந்த உரிமையின் மதிப்பை அன்று பலர் உணரவில்லை. பின்னர் மறுஒளிபரப்பு பெருகியபோது அதுவே பெருஞ்செல்வமாயிற்று.

பார்வையாளர்களை எதிரே அமர்த்தி, மூன்று படக்கருவிகளால் ஒரே வேளையில் படம் பிடித்தனர். ஒரு காட்சியில் லூசியும் தோழியும் மிட்டாய்த் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்கின்றனர். நகரும் பட்டையில் மிட்டாய்கள் விரைந்து வருகின்றன. உறையிட்டு முடிக்க இயலாமல் வாயிலும் தொப்பியிலும் அவற்றைத் திணிக்கின்றனர். தற்செயலாக நேர்ந்ததுபோல் தோன்றும் ஒவ்வோர் அசைவும் கடுமையான ஒத்திகையின் பயனாகும்.

மக்களின் மதிப்பு

1952இல் லூசில் பால் கருவுற்றார். தாய்மை நிலையைத் திரையில் காட்டத் தயங்கிய காலம் அது. அந்நிலையைக் குறிக்கும் நேரடிச் சொல்லைத் தவிர்த்தே உரையாடல் எழுதப்பட்டது. எனினும் கதையில் அதனைச் சேர்த்தனர். 1953 சனவரி 19ஆம் நாள் கதையில் லூசிக்கு மகன் பிறந்தான். அன்றே லூசில் பாலுக்கும் மகன் பிறந்தான். அப்பகுதியை 4 கோடிக்கும் மேற்பட்டோர் கண்டுகளித்தனர். இம்முறையும் அவையே தீர்ப்பு வழங்கியது.

தலைமைப் பொறுப்பு

இருவரும் நிறுவிய டெசிலு நிறுவனம், 1957இல் ஆர்.கே.ஓ. படப்பிடிப்புக் கூடங்களை விலைக்கு வாங்கியது. முன்னாளில் லூசில் பால் ஒப்பந்த நடிகையாகச் சம்பளம் பெற்ற இடம் அதுவே. 1960இல் மணமுறிவு ஏற்பட்டது. 1962இல் கணவரின் பங்கையும் வாங்கி, நிறுவனத்தின் தலைவரானார். ஒரு பெரும் படப்பிடிப்பு நிறுவனத்தைப் பெண் தலைமையேற்று நடத்துவது ஹாலிவுட்டில் அன்று புதுமை. ‘ஸ்டார் டிரெக்’ தொடர் அவரது தலைமைக்காலத்தில் 1966இல் வெளிவந்தது. 1967இல் நிறுவனத்தை விற்றபின்னும் நடிப்பைத் தொடர்ந்த அவர், 1989 ஏப்ரல் 26ஆம் நாள் மறைந்தார்.

நடிப்பு வராது என்ற ஆசிரியர்களுக்கும், மக்கள் ஏற்கமாட்டார்கள் என்று அஞ்சிய நிறுவனத்திற்கும் லூசில் பால் சொற்களால் விடையளிக்கவில்லை. அவையின் முன் நின்று செய்து காட்டினார். நம் திறமையைப் பிறர் ஐயுறும்போது நாம் செய்யத்தக்கதும் அதுவே அன்றோ?

சொல்லும் பொருளும்

பேதைமை – அறியாமை
ஒத்திகை – முன்பயிற்சி
அவை – பார்வையாளர் கூட்டம்
ஈடாக – பதிலாக

இலக்கணக் குறிப்பு

தளராது – எதிர்மறை வினையெச்சம்
பெருஞ்செல்வம் – பண்புத்தொகை

குறுவினா

1. நகை எவற்றின் வழியே பிறக்கும் என்று தொல்காப்பியர் கூறுகிறார்?
2. சி.பி.எஸ். நிறுவனம் தயங்கியதன் காரணம் யாது?

சிறுவினா

1. ஊதியத்தைக் குறைத்துக்கொண்டு உரிமையைப் பெற்றது சிறந்த முடிவு என்பதை விளக்குக.
2. ‘அவையே தீர்ப்பு வழங்கியது’ – இத்தொடர் பொருந்தும் இரு நிகழ்வுகளை எழுதுக.

கற்பவை கற்றபின்

உம்மால் இயலாது என்று பிறர் கூறிய ஒன்றை நீவிர் முயன்று செய்து காட்டிய நிகழ்வைப் பத்து வரிகளில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.