தறிக்கூடத்தில் தீயணைப்புக் கருவிகள்: எதை வாங்குவது, எங்கே மாட்டுவது?

கூட்டுறவுச் சங்கத்தின் நூல் கிடங்கில் அடுக்கப்பட்டிருக்கும் சிப்பங்கள் தனி ஒருவருடைய உடைமை அல்ல. அங்கத்தினர் அனைவருடைய பங்குப் பணமும், வங்கியில் பெற்ற கடனும், வரப்போகும் மாதங்களின் கூலியும் அவற்றில் அடங்கியிருக்கின்றன. தீபாவளிக்கு முந்திய மாதங்களில் கிடங்கு நிறைந்திருக்கும். அவ்வேளையில் ஒரு மின்பொறி விழுந்து சரக்கு எரிந்துபோனால், இன்ஷூரன்ஸ் தொகை பின்னர் வந்து சேரலாம். ஆனால், தறி நின்ற நாட்களின் கூலியை யார் கொடுப்பார்கள்? உயிரிழப்பு நேர்ந்தாலோ, எந்தத் தொகையும் அதற்கு ஈடாகாது.

தாம்பரம், குன்றத்தூர், முடிச்சூர், படப்பை வட்டாரங்களில் தறிக்கூடமோ, தையற்கூடமோ, தோட்டமோ நடத்தும் அன்பர்கள் பலரும் தீயணைப்புக் கருவி வாங்கியிருப்பர். ஆயினும் பல இடங்களில் அது காரியதரிசியின் அறையில், பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் நிற்பதைக் காண்கிறோம். வாங்கிய ரசீது பத்திரமாக இருக்கிறது. கருவியைத் தூக்கத் தெரிந்தவர் எவரும் இல்லை. ஆகையால், எந்தக் கருவி எந்தத் தீக்கு ஏற்றது, அதை எங்கே வைக்கவேண்டும் என்னும் இரண்டு கேள்விகளை இப்பாடத்தில் ஆராய்வோம்.

பழைய சம்பவங்கள் கூறும் பாடம்

1944-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் பம்பாய் விக்டோரியா துறையில் நின்ற ‘ஃபோர்ட் ஸ்டைகீன்’ என்னும் கப்பலில் தீப்பற்றியது. அதில் பஞ்சுச் சிப்பங்களும் வெடிமருந்தும் ஏற்றப்பட்டிருந்தன. பஞ்சில் பற்றிய தீ பிற்பகல் முழுவதும் கப்பலின் அடித்தட்டில் கனன்றுகொண்டிருந்தது. நீரைப் பாய்ச்சியும் தீயின் மூலத்தைக் கண்டுபிடிக்க இயலவில்லை. மாலை நான்கு மணியளவில் கப்பல் வெடித்தது. அன்று உயிர்நீத்த தீயணைப்பு வீரர்களின் நினைவாகவே ஆண்டுதோறும் ஏப்ரல் 14 தீயணைப்புப் பணி நாளாக அனுசரிக்கப்படுகிறது.

நமக்கு அண்மையிலேயே இன்னொரு சம்பவம் உண்டு. 2017-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் விடியற்காலையில் தியாகராயநகர் உசுமான் சாலையிலுள்ள ‘சென்னை சில்க்ஸ்’ ஜவுளி மாளிகையில் தீப்பிடித்தது. அடர்ந்த புகையினால் தீயணைப்பு வீரர்கள் உள்ளே செல்ல முடியவில்லை. துணிக்குவியல் ஒரு நாளுக்கு மேல் எரிந்தது. கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. எஞ்சிய பகுதியையும் பின்னர் இடித்துத் தள்ள நேர்ந்தது.

இவ்விரண்டு சம்பவங்களும் ஒரே உண்மையைக் கூறுகின்றன. பஞ்சு, நூல், துணி ஆகியவற்றின் தீ மேலே அணைந்ததுபோல் தோன்றினாலும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். அது சிறியதாக இருக்கும் முதல் இரண்டு மூன்று நிமிடங்களில் அணைக்காவிட்டால், பிறகு பெரிய வண்டிகளுக்கும் அரிய வேலையாகிவிடும். ஜி.எஸ்.டி. சாலையின் நெரிசலைக் கடந்து தீயணைப்பு வண்டி வருவதற்குமுன் உள்ள அந்தச் சில நிமிடங்களுக்காகவே கைக்கருவிகள் ஏற்பட்டுள்ளன.

தீயின் வகைகள்

எரியும் பொருளைக்கொண்டு தீயை வகைப்படுத்துவர். நூல், துணி, மரம், காகிதம், வைக்கோல் முதலிய திடப்பொருள்களின் தீ ‘ஏ’ வகை. மண்ணெண்ணெய், டீசல், பெயிண்ட் போன்ற திரவங்களின் தீ ‘பி’ வகை. சமையல் வாயு போன்றவற்றின் தீ ‘சி’ வகை. மக்னீசியம் போன்ற உலோகங்களின் தீ ‘டி’ வகை. இது நம் கூடங்களில் நேர்வதில்லை. வாணலியில் கொதிக்கும் எண்ணெயின் தீ ‘எஃப்’ வகை. மின்சாரம் எரிபொருள் அன்று; அது தீயை மூட்டும் காரணமே. ஆயினும் மின்னோட்டம் உள்ள இடத்தில் நீரைப் பாய்ச்சினால் பாய்ச்சுபவருக்கே ஆபத்து. ஆகையால் முதலில் மெயின் சுவிட்சை நிறுத்தவேண்டும்.

எதை வாங்குவது?

விற்பனையாளர் பெரும்பாலும் ‘ஏ.பி.சி.’ பொடிக் கருவியையே காட்டுவார். மூன்று வகைத் தீக்கும் ஏற்றது என்று அவர் சொல்வது பொய்யன்று. ஆனால், நூற்சிப்பத்தின் உள்ளே கனலும் தீயைப் பொடி சென்று அடையாது. சுவாலை மறையும், கால் மணி நேரம் கழித்து அதே இடத்தில் மீண்டும் புகையும். நீர் மட்டுமே நூலினுள் ஊறிச்சென்று சூட்டைத் தணிக்கும். 9 லிட்டர் நீர்க்கருவி சுமார் ஒரு நிமிடம் பீச்சும். சுமார் 20 அடி தூரம் எட்டும். 6 கிலோ பொடிக் கருவியோ 15 முதல் 20 விநாடிகளில் தீர்ந்துவிடும். ஆகையால் தறிக்கூடத்திற்கும் நூல் கிடங்கிற்கும் முதற்கருவி நீர்க்கருவியே. பொடிக் கருவி துணையாக இருக்கலாம். பொடியால் சுவாலையை அடக்கியிருந்தாலும், சிப்பத்தை வெளியே இழுத்துப் பிரித்து நனைத்த பிறகே வேலை முடிந்ததாகக் கொள்ளவேண்டும்.

மின்பலகை, மோட்டார், கம்ப்யூட்டர் உள்ள இடங்களுக்குக் கரியமிலவாயுக் கருவி சிறந்தது. அது மின்சாரத்தைக் கடத்தாது. எச்சம் எதையும் விட்டுவைக்காது. பொடியும் மின்சாரத் தீயை அணைக்கும். ஆனால் அதன் துகள்கள் இயந்திரங்களை அரிக்கும். கரியமிலவாயுவில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. அதன் கூம்பு வடிவ வாய் கடுங்குளிர்ச்சி அடையுமாதலால் அதைக் கையால் பற்றக்கூடாது. சிறிய மூடிய அறையில் அவ்வாயு மூச்சை முட்டச்செய்யும். ஆகையால் பீச்சியவுடன் வெளியே வந்துவிடவேண்டும்.

சமையலறையில் எண்ணெய் பற்றினால் ஒரு சொட்டு நீரும் ஊற்றக்கூடாது. எரியும் எண்ணெய் வெடித்துச் சிதறும். அடுப்பை நிறுத்தித் தட்டையான மூடியால் மூடுவதே முதல் வழி. வாயுக் கசிவில் தீ எரியுமானால் வால்வை மூடுவதே தீர்வு. வாயுவை நிறுத்தாமல் சுவாலையை மட்டும் அணைத்தால், கசியும் வாயு அறையில் தேங்கிப் பின்னர் பெருவெடிப்பாகக்கூடும்.

சாயப்பட்டறைக்கு ஒரு தனி எச்சரிக்கை

வாட் சாயம் தோய்ப்பவர்கள் உபயோகிக்கும் ஹைட்ரோஸ் என்னும் சோடியம் ஹைட்ரோசல்பைட் ஒரு விசித்திரமான சரக்கு. அதன்மேல் சிறிதளவு ஈரம் பட்டாலே தானாகச் சூடேறும். பின்னர் தீப்பற்றிக் கந்தக நெடியுள்ள நச்சுப்புகையை வெளியிடும். அது எரிவதற்கு வெளிக்காற்று வேண்டியதில்லை. ஆகையால் காற்றைத் தடுத்து அணைக்கும் பொடியும் கரியமிலவாயுவும் இதனிடம் பயன்படா. ஒரு குவளை நீர் தீயை வளர்க்கும். வெள்ளமாகப் பாய்ச்சும் நீரே அதை நிறுத்தும். அந்த அளவு நீர் கைக்கருவியில் இல்லை. எனவே டின் புகையத் தொடங்கினால் அனைவரும் காற்று வீசிவரும் திசையில் வெளியேறி, தீயணைப்பு நிலையத்திற்குச் சொல்லும்போதே “ஹைட்ரோஸ் எரிகிறது” என்று பெயரைக் கூறவேண்டும். இச்சரக்கை மழை ஒழுகாத இடத்தில், தரைக்கு மேலே பலகைமீது, மூடி இறுகிய டின்னில் வைப்பதும், ஈரக்கையால் அள்ளாதிருப்பதும் எந்தக் கருவியையும்விட மேலான பாதுகாப்பு.

எங்கே மாட்டுவது?

‘ஏ’ வகைத் தீ நேரக்கூடிய இடத்தில், எந்த மூலையிலிருந்தும் 15 மீட்டருக்குள், அதாவது சுமார் 50 அடி நடைக்குள், ஒரு கருவி எட்டவேண்டும் என்பது பொதுவிதி. இதனைப் பறவை பறக்கும் நேர்க்கோட்டில் அளக்கலாகாது. தறிகளைச் சுற்றி மனிதன் நடக்கும் வழியாக அளக்கவேண்டும்.

உதாரணமாக, 60 அடி நீளமும் 24 அடி அகலமும் உள்ள கூடத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு வரிசைத் தறிகளுக்கு நடுவே ஒரு நடைவழி. அதன் கிழக்கு முனையிலும் மேற்கு முனையிலும் ஒவ்வொரு கதவு. கிழக்குக் கதவருகே மட்டும் கருவி இருந்தால், மேற்கு மூலையில் இருப்பவர் நடைவழிக்கு வர 12 அடியும், கதவுவரை 60 அடியுமாக 72 அடி நடக்கவேண்டும். இது மிகை. இரண்டு கதவருகிலும் ஒவ்வொன்று வைத்தால், கூடத்தின் நடுவில் சுவரோரம் இருப்பவருக்கும் 12 அடியும் 30 அடியும் சேர்ந்து 42 அடியே ஆகிறது. விதிக்குள் அடங்கிவிட்டது.

கதவருகே வைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கருவியைத் தேடிச் செல்பவர் தாமாகவே வெளிவாயிலை நோக்கிச் செல்கிறார். அங்கு நின்று தீயைத் திரும்பிப் பார்க்கும்போது, அணைக்கச் செல்வதா, வெளியேறுவதா என்று முடிவுசெய்யும் சுதந்திரம் அவருக்கு இருக்கிறது. கருவி கூடத்தின் உட்புறத்தில் இருந்தால், அதை எடுக்கப்போனவரின் பாதையைத் தீ அடைத்துவிடலாம். இதே காரணத்தால் நூல் கிடங்கின் கருவியைக் கிடங்கிற்கு வெளியே, அதன் கதவையொட்டி மாட்டவேண்டும். சமையலறைக் கருவியை அடுப்பின்மேல் மாட்டாமல் வாயிலருகே மாட்டவேண்டும்.

கருவியைத் தரையில் நிறுத்தாமல் சுவரில், எட்டி எடுக்கும் உயரத்தில் மாட்டுக. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் அடைந்த துன்பத்தை நாம் அறிவோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தரையீரம் பட்ட உருளையின் அடிப்பாகம் துருப்பிடிக்கும்; துருப்பிடித்த உருளை அழுத்தத்தில் வெடிக்கவும் கூடும்.

விவசாய அங்கத்தினர்களுக்கு

பம்புசெட் கொட்டகையில் மின்பலகைக்குக் கரியமிலவாயு அல்லது பொடிக் கருவியும், டீசல் எஞ்சினுக்குப் பொடிக் கருவியும் போதும். இரண்டு வாளி உலர்ந்த மணலும் துணையாக இருக்கட்டும். வைக்கோல் போருக்கு நீர்தான் மருந்து. அதைக் கொட்டகைக்கும் வீட்டிற்கும் விலக்கி வைப்பதே சிறந்த முன்யோசனை. ஈரத்தோடு அடுக்கிய போர் தானே சூடேறும் என்பதையும் மறக்கலாகாது. கீற்றுக்கூரை எத்தகைய வேகத்தில் எரியும் என்பதை, 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-இல் கும்பகோணத்துப் பள்ளியில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த நாடு சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கூரை பற்றியபின் கருவியைத் தேடாதீர்கள், ஆட்களை வெளியேற்றுங்கள்.

மாதம் ஒருமுறை

வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்க்கவும். பின்னர் மாதந்தோறும் ஒரே தேதியில் ஓர் அங்கத்தினர் கருவிகள் அனைத்தையும் சுற்றிப்பார்த்து, அட்டையில் கையொப்பமிடட்டும். அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் இருக்கிறதா? பாதுகாப்பு முள்ளும் முத்திரையும் உள்ளனவா? குழாயின் வாயில் குளவி கூடு கட்டியிருக்கிறதா? கருவியை மறைத்துப் பாவு உருளையோ சாக்கோ வைக்கப்பட்டிருக்கிறதா? கரியமிலவாயுக் கருவிக்கு அழுத்தமானி கிடையாது. அதை நிறுத்துப் பார்த்தே அறியவேண்டும். வாயுவில் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால் மீண்டும் நிரப்பவேண்டும். ஒரு விநாடி உபயோகித்த கருவியையும் நிரப்பாமல் திரும்ப மாட்டக்கூடாது.

உபயோகிக்கும் முறை நான்கே சொற்களில் அடங்கும்: முள்ளைப் பிடுங்கு, தீயின் அடியைக் குறிவை, பிடியை அழுத்து, இருபுறமும் வீசு. சுவாலையின் உச்சியில் பீச்சுவது வீண். ஆண்டுக்கு ஒருமுறை, நிரப்பக் கொடுக்கும் காலத்தில், பழைய நிரப்பை வீணாக வெளியேற்றாமல் திறந்தவெளியில் ஒரு சிறு தீயின்மேல் அங்கத்தினர்களே பீச்சிப் பழகட்டும். பெண்மணிகளும் இரவில் தங்குபவர்களும் கட்டாயம் பழகவேண்டும்.

முடிவாக ஒன்று. தீ ஆள் உயரத்திற்கு வளர்ந்துவிட்டாலும், அறையில் புகை நிறைந்துவிட்டாலும், ஒரு கருவி தீர்ந்தும் தீ அடங்காவிட்டாலும், கருவியைக் கீழே போட்டுவிட்டு வெளியேறி, கதவைச் சாத்தி, 101 அல்லது 112 எண்ணுக்குச் சொல்லுங்கள். எரிந்த நூலைச் சங்கம் மீண்டும் வாங்கும். நெய்பவர் இல்லையேல் சங்கமே இல்லை.

படிப்பு வட்டத்திற்குரிய வினாக்கள்

1. நம் கூடத்தின் எந்த மூலை, அருகிலுள்ள கருவிக்கு 50 அடிக்கு மேற்பட்டது? நடந்து அளந்து சொல்லுக.
2. நூற்சிப்பத்தின் தீக்குப் பொடிக் கருவி மட்டும் போதாதது ஏன்?
3. ஹைட்ரோஸ் டின் நம் பட்டறையில் எங்கே இருக்கிறது? அதன்மேல் மழைநீர் ஒழுக வழியுண்டா?
4. இன்றிரவு தீப்பிடித்தால் மெயின் சுவிட்சை நிறுத்துபவர் யார்?